ஆர்எக்ஸ்-8, எஸ்2000, எம்எக்ஸ்-5, ஜிடி86: எதன் கோளாறு உங்களுக்குக் கட்டுப்படியாகும்?

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8தான். 231 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை, நான்கு பேர் உட்கார இடம். விலையோ வயதான குடும்பக் கார் ஒன்றின் விலை. கிட்டத்தட்ட அதே குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா எஸ்2000-க்குப் பல மடங்கு கேட்கிறார்கள். ஓட்டிப் பார்த்தால் ஆர்எக்ஸ்-8 எந்த விதத்திலும் மட்டமான கார் இல்லை. ஆனால் அதன் விலையில் ஒரு பகுதியைத்தான் விற்பவர் வாங்கிக்கொள்கிறார். மீதியை என்ஜின் பிறகு வசூலிக்கும். சந்தைக்கு அது தெரியும்.

ஜப்பானியக் கார் என்றால் கோளாறே வராது என்ற நம்பிக்கை குடும்பக் கார்களை வைத்து வந்தது. இருபது வயதான ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பொருந்தாது. நல்ல செய்தி, இவை ஒவ்வொன்றும் எந்த இடத்தில் உடையும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஆர்எக்ஸ்-8-இல் என்ஜின், எம்எக்ஸ்-5-இல் உடல், எஸ்2000-இல் சஸ்பென்ஷன் போல்ட்டுகளும் முந்தைய ஓட்டுநர் செய்த தவறுகளும், டொயோட்டா ஜிடி86-இல் யாரோ ஒருவர் அவசரமாகச் செய்த ரீகால் வேலை (விற்ற கார்களை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்வது). எனவே, வேகத்தை ஒப்பிடுவதற்கு முன் உங்கள் நிலைமையைப் பாருங்கள். வீட்டு வாசலில் நிறுத்த இடம் உண்டா, தெருவிலா? தினமும் வேலைக்கு அதிலேயே போவீர்களா? சாலையில் உப்புத் தூவும் குளிர்காலத்திலும் ஓட்டுவீர்களா? ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா?

மாஸ்டா ஆர்எக்ஸ்-8

இதன் 13பி ரெனெசிஸ் என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சி.சி., முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழல்கின்றன. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய உலோகப் பட்டைகளுக்கு ஏபெக்ஸ் சீல் என்று பெயர். பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இவைதான் செய்கின்றன. இவை காய்ந்துபோகாமல் இருக்க, ஒரு சிறு பம்பு என்ஜின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் அறைக்குள்ளேயே செலுத்துகிறது. ஆகவே ஆயில் குறைவது கோளாறு ஆகாது. குறையாமல் இருந்தால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். 1,000 மைலுக்கு அரை லிட்டரிலிருந்து 1 லிட்டர் வரை போகும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவுக் கம்பியை, எடுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் காரை வாங்கக் கூடாது. ஆயிலை 3,000 முதல் 4,000 மைலுக்குள் மாற்றிவிடுவது நல்லது. 2008-இல் முகம் மாறி வந்த இரண்டாம் தொடரில் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்றாவதாக ஓர் ஆயில் துளை சேர்த்தார்கள். கிடைத்தால் அதையே தேடுங்கள்.

இந்த என்ஜினைக் கொல்வது பெரும்பாலும் ஒரு மலிவான பாகம்: பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில். நான்கு காயில்கள் உண்டு. அவற்றில் ஒன்று பலவீனமானாலும் கார் ஓடும். இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைக்கிறது. புகை வெளியேற வழியில்லாமல் சூடு என்ஜினுக்கே திரும்புகிறது, சீல்கள் போகின்றன. அதனால் 30,000 மைலுக்கு ஒரு முறை நான்கு காயில்களையும், வயர்களையும், பிளக்குகளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். பிளக்குகள் இரண்டு வகை. முதலில் பொறிவிடும் லீடிங் பிளக் ஆர்இ7ஏ-எல், பின்தொடரும் டிரெய்லிங் பிளக் ஆர்இ9பி-டி. கீழ்வரிசையில் லீடிங், மேல்வரிசையில் டிரெய்லிங். இடம் மாற்றிப் போட்டாலும் கார் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் தவறு உடனே தெரியாது. பிரிட்டிஷ் காரில் பயணி பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினால் இவற்றுக்குக் கை எட்டும்.

அடுத்தது பெட்ரோலில் மூழ்கும் பிரச்சினை. குளிர்ந்த காரை ஸ்டார்ட் செய்து, வாசலிலிருந்து தெருவுக்கு நகர்த்தி, உடனே அணைத்தால் போதும். மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. குளிர்ந்த நிலையில் அதிகமாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் பிளக்குகளை நனைத்து, சீல்கள் மீதிருந்த ஆயிலையும் கழுவிவிடுகிறது. ஸ்டார்ட் செய்தால் வெப்பமானி முள் நடுவுக்கு வரும்வரை ஓடவிட்டே அணைக்க வேண்டும். அப்படியும் மூழ்கிவிட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அந்த நிலையில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் அறை காயும். 10 விநாடி சுற்றி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி. பலிக்காவிட்டால் பிளக்குகளைக் கழற்றி உலர்த்த வேண்டியதுதான். பாட்டரி பலவீனமாக இருந்தால் இந்த முயற்சியெல்லாம் வீண்.

வாங்கும் முன் கம்ப்ரெஷன் சோதனை, அதாவது என்ஜின் அறை காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனை, கட்டாயம். சாதாரண கேஜ் உதவாது: அது ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி நிற்கும். மூன்று முகங்களையும் தனித்தனியே பதியும் ரோட்டரி கருவி வேண்டும். 250 ஆர்பிஎம்முக்குச் சரிசெய்த அளவில் புது என்ஜின் 8.5 கி.கி./ச.செ.மீ. அருகே நிற்கும். 6.9 என்பது மாஸ்டா ஏற்கும் கீழெல்லை. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5-ஐயும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 1.0-ஐயும் தாண்டக் கூடாது. எல்லா எண்களும் 7-ஐ ஒட்டி இருந்தால், சோதனையில் தேறினாலும் அது முடியப்போகிற என்ஜின். கருவி இல்லாமல் ஒரு முதல் சோதனை உண்டு: அரை மணி நேரம் நன்றாக ஓட்டி, அணைத்து, 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான நிலையில் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றினால் கம்ப்ரெஷன் போய்விட்டது என்று பொருள். விற்பவர் "ஸ்டார்ட்டர் மாற்றினால் சரியாகிவிடும்" என்பார். வேகமான புது ஸ்டார்ட்டர் அந்த அறிகுறியைச் சில மாதம் மறைக்கும், அவ்வளவுதான். என்ஜினை முழுதாகத் திரும்பக் கட்ட ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும். பல நேரம் அது காரின் விலையைவிட அதிகம்.

வரியில் ஒரு தேதியை நினைவில் வையுங்கள்: 2006 மார்ச் 23. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியிடும் கார் அந்தத் தேதிக்கு முன் பதிவாகியிருந்தால் வருடாந்தர வரி 'கே' பிரிவோடு நின்றுவிடும். பிறகு பதிவான ஆர்எக்ஸ்-8 உச்சப் பிரிவான 'எம்'-க்குப் போய்விடும். ஒரே மாதிரி இரண்டு கார்கள், சில வார இடைவெளியில் பதிவானவை, ஆண்டுதோறும் கட்டும் தொகையோ வெகு தூரம் விலகி நிற்கும். எஸ்2000-க்கும் இதே தேதி பொருந்தும், ஏற்றமும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

ஹோண்டா எஸ்2000

1999 முதல் 2009 வரை வந்த கார். 1,997 சி.சி. என்ஜின், டர்போ இல்லாமல் ஐரோப்பாவில் 240 குதிரைத்திறன், ஜப்பானில் 250. வால்வுகளை அதிகம் திறக்கும் விடெக் கேம் 6,000 ஆர்பிஎம் அருகில் மாறி, 9,000 வரை ஏறும். ஒழுங்காக ஆயில் பார்த்தால் இந்த நான்கு கார்களில் மிகச் சிறந்த என்ஜின் இதுவே என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் இதற்கு மன்னிக்கும் குணம் கிடையாது.

வேகத்தில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போவதாக நினைத்து இரண்டாவதில் தள்ளினால், என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. சக்கரமே என்ஜினைச் சுற்றும். முந்திய கார்களில் வால்வ் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னர்கள் இந்த அடியில் விரிசல் விடும். அன்றைக்கே ஒன்றும் ஆகாமல், ஆறு மாதம் கழித்து வால்வ் சிலிண்டருக்குள் விழும். ஆகவே வால்வ் கவரைக் கழற்றி, விளக்கடித்து, 16 ரிட்டெய்னர்களையும் பார்க்க அனுமதி கேளுங்கள். வால்வ் இடைவெளி பார்க்கக் கவரை எப்படியும் கழற்ற வேண்டும், இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் இதில் இல்லை. பிந்திய கார்களின் ரிட்டெய்னர்களை முந்திய என்ஜினிலும் போட்டுக்கொள்ளலாம்.

குளிர்ந்த என்ஜின் சும்மா ஓடும்போது, சைக்கிள் கம்பிகளில் அட்டை உரசுவது போல ஓர் ஓசை முன்பக்கத்திலிருந்து வந்தால் அது டைமிங் செயின் டென்ஷனர். ஒரு மணி நேர வேலை. விலை குறைக்கக் கேட்கலாம், பயப்பட வேண்டியதில்லை. பின்னோக்கி எடுத்து முன்னோக்கி நகரும்போது பின்சக்கரத்தில் ஒற்றை 'டிக்' கேட்டால் ஆக்ஸில் நட் தளர்ந்திருக்கிறது. கழற்றி, சுத்தம் செய்து, சரியான டார்க்கில் முறுக்கினால் போகும். சிலிண்டர் சுவரில் தேய்மானம் இருந்தால் கதை வேறு. அது நார் கலந்த உலோகச் சுவர். சாதாரணக் கடைசல் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி வழக்கமான பிஸ்டனைப் போட முடியாது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக் பார்ப்பது இதற்கும் பொருந்தும்.

பலர் கவனிக்காமல் விட்டுப் பிறகு வருந்துவது சஸ்பென்ஷன் போல்ட்டுகளைத்தான். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ய, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களின் உள்முனையில் மையம் விலகிய போல்ட்டுகள் இருக்கின்றன. புஷ் என்ற ரப்பர் உறைக்குள் இருக்கும் எஃகுக் குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிவிடும். அப்புறம் அலைன்மென்ட் செய்ய முடியாது. அறுத்து எடுத்து, புது போல்ட்டும் பல நேரம் முழு ஆர்மும் வாங்க வேண்டிவரும். எட்டு இடங்களில் அப்படி இருந்தால் கராஜ் கட்டணம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்சக்கர டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) கொஞ்சம் விலகினாலும் இந்தக் காரின் வால் ஈரச் சாலையில் பதற்றமாகிவிடும், டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் மைலில் தேய்ந்துவிடும். எனவே விற்பவரிடம் நான்கு சக்கர அலைன்மென்ட் அறிக்கையைக் கேளுங்கள். 'சரிசெய்யும் முன்', 'சரிசெய்த பின்' இரண்டு அளவுகளும் வேறுபட்டிருந்தால் போல்ட்டுகள் அசைகின்றன. இரண்டும் ஒன்றேயாக, அளவு தவறு என்று காட்டும் சிவப்பில் நின்றால், விலையில் நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது 'ஒப்புக்கொண்ட மதிப்பு' வகையை எடுங்கள். இல்லாவிட்டால் விபத்து நேர்ந்தபின் உங்கள் காரும் 20 வயதான ஒரு சாதாரண ஹோண்டாவாகத்தான் மதிப்பிடப்படும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5

இங்கே எல்லாம் தலைகீழ். என்ஜின் எளிதில் சாகாது, உடல் கரைந்துவிடும். 1989-இல் வந்த முதல் தலைமுறையின் 1.6 என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது; இழுத்துக்கொண்டு போய்ப் புது பெல்ட் போட்டால் ஓடும். அதற்காக அலட்சியம் வேண்டாம். 60,000 மைலுக்கு ஒரு முறை பெல்ட்டோடு வாட்டர் பம்பு, கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். 1991-க்கு முந்திய கார் என்றால் கிராங்க் புல்லியின் முகத்தில் உள்ள வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால் அது குட்டை மூக்குக் கிராங்க், சாவித்தடம் தேய்ந்து புல்லி ஆட வாய்ப்புண்டு. எட்டு இருந்தால் கவலை இல்லை. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகும், கியர் லீவரின் அடி ரப்பர் கிழியும், பின் காலிப்பர் இறுகும். எல்லாமே வார இறுதியில் வீட்டு வாசலில் முடிகிற வேலைகள், பாகங்களும் மலிவு. ஜப்பானில் மாஸ்டா நிறுவனமே 2017-இல் முதல் தலைமுறைக்கான புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது.

துருவுக்கு வருவோம். சீட்டுகளுக்குப் பின்னால், இருபுறமும், மடக்குக் கூரையிலிருந்து வழியும் மழைநீர் இறங்க ஒரு குழாய் உண்டு. இலைச் சருகு அதை அடைத்தால் தண்ணீர் வெளியேறாமல் கதவுக்குக் கீழுள்ள பெட்டி போன்ற பகுதிக்குள் தேங்குகிறது. அதுதான் சில். உள்ளிருந்து வெளியே துருப்பிடித்து வருவதால், பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அதைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது வீண். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை அந்தக் குழாயில் புல்வெட்டும் கருவியின் நைலான் நூலை மெதுவாக விட்டு, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, அடியில் வருகிறதா என்று பாருங்கள். இரும்புக் கம்பி விடாதீர்கள், குழாய் கிழிந்தால் அடைப்பைவிட மோசம். ஜாக்கியையும் சில்லின் கண்ட இடத்தில் வைத்து நசுக்கக் கூடாது.

1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. முன்பக்கச் சேஸிஸ் கம்பங்கள் இரட்டைத் தகட்டால் ஆனவை, இடையில் ஈரம் தங்கி உள்ளிருந்து அரிக்கும். மேலே பளபளவென்று இருக்கும் காருக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தோல்வி எழுதித் தருவது பெரும்பாலும் இந்த இடம்தான். அடித்தட்டைக் கழற்றாமல் தெரியாது. ஆகவே, லிஃப்ட் உள்ள கராஜில் பார்க்காமல் இந்தத் தலைமுறையை வாங்கவே வாங்காதீர்கள். அரசின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி முடிவுகள் இலவசமாகக் கிடைக்கும். 'அரிப்பு' என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதி, நான்காம் வருடம் 'அடியில் பூச்சு இருப்பதால் பார்க்க முடியவில்லை' என்று வந்திருந்தால், யாரோ கறுப்புப் பூச்சால் மூடியிருக்கிறார்கள்.

ஜப்பானிலிருந்து நேரே வந்த 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயர்ப் பலகையுள்ள கார்களின் அடிப்பகுதி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஹொக்கைடோ போன்ற பனிப்பகுதியிலிருந்து வந்திருந்தால் அந்தச் சலுகை இல்லை. ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் தரம் 'ஆர்' என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுச் சீர்செய்த கார். இறக்குமதியான உடனே மெழுகுப் பூச்சு அடிக்காவிட்டால் இரண்டு பிரிட்டிஷ் குளிர்காலத்தில் அந்தச் சுத்தம் போய்விடும்.

டொயோட்டா ஜிடி86

சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் இதில் கோளாறுகள் குறைவு. 2012-இல் வந்தது, சுபாரு பிஆர்இசட் இதன் இரட்டை, இரண்டையும் கட்டியது சுபாருவின் குன்மா ஆலை. 1,998 சி.சி. கிடைமட்ட என்ஜின், சிலிண்டர் துளையும் பிஸ்டன் வீச்சும் தலா 86 மி.மீ., 200 குதிரைத்திறன். 3,500-க்கும் 4,500-க்கும் இடையில் இழுவை தொய்வது எல்லாக் காரிலும் உண்டு, அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சில்வண்டு போல ஒலிப்பது உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பு, அதுவும் இயல்பே. ஆயில் 0டபிள்யூ-20, வடிகட்டியோடு சுமார் 5.4 லிட்டர்.

கவனிக்க வேண்டியது 2018-இன் வால்வ் ஸ்பிரிங் ரீகால். 2012, 2013-இல் தயாரான கார்கள் அதில் வந்தன. ஸ்பிரிங் மாற்ற என்ஜினை வெளியே எடுத்து, பல மூடிகளைப் பிரித்து, மறுபடி சீலன்ட் வைத்து மூட வேண்டும். தாராளமாக வைத்த சீலன்ட் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் இழுக்கும் சல்லடையை அடைக்கும். பேரிங் ஆயிலின்றிக் காயும். ஆகவே ரீகால் செய்யாத கார், செய்த கார் இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு. செய்திருந்தால் எத்தனை மைலில் செய்தார்கள், அதன் பிறகு எவ்வளவு ஓடியது என்று பாருங்கள். 20,000 மைல் அமைதியாக ஓடியிருந்தால் நல்ல அறிகுறி.

லண்டனுக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு வடிகட்டி உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லா பரோக்களும் (உள்ளாட்சிப் பகுதிகளும்) யூலெஸ் என்ற குறைந்த புகை மண்டலத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தில் இல்லாவிட்டால் ஓட்டும் நாளுக்கு 12.50 பவுண்டு. ஜிடி86-க்குக் கவலை இல்லை. 2005-க்கு முந்திய எம்எக்ஸ்-5, முந்திய எஸ்2000 என்றால் பணம் பேசும் முன் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒரே கார், தெருவில் நிறுத்தம், தினமும் வேலைக்கு என்றால் ஜிடி86. கொஞ்சம் கூடுதல் பணம் திரட்டும்வரை காத்திருந்தாலும் அதுவே. வாசலில் இடமும் ஒரு பெட்டி ஸ்பானரும் உண்டு, கைவேலை பழகும் ஆசையும் உண்டு என்றால் எம்எக்ஸ்-5-க்கு இணை கிடையாது; ஆனால் மலிவான காரைவிடத் துருவில்லாத காருக்கு இரண்டாயிரம் பவுண்டு அதிகம் கொடுங்கள், வெல்டிங் அதைவிடத் தின்னும். எஸ்2000 வாங்க முடிகிறவர்கள், வாங்கிய பிறகும் கையில் ஒரு தொகை வைத்திருக்க வேண்டும். ஆர்எக்ஸ்-8 இரண்டாவது காராக மட்டுமே. கம்ப்ரெஷன் தாளும், என்ஜின் கட்டும் பணத்தில் பாதியாவது கையிலும் இல்லாமல் வேண்டவே வேண்டாம். இரண்டு மைல் தூரத்துப் பள்ளிக்குப் பிள்ளைகளை விட இதை வாங்குவது அந்த நல்ல என்ஜினுக்குச் செய்யும் கொடுமை.

பார்க்கப் போகும் நாளில், காரை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஓசையை மறைக்கிறார்கள். கையில் டார்ச், சிறு காந்தம், பழைய துணி போதும். காந்தம் ஒட்டாத சில், தகடு இருந்த இடத்தில் நிரப்பிய புட்டி. மடக்குக் கூரைக் கார் என்றால் மழை பெய்த மறுநாள் போங்கள். சீட்டை முன்னே தள்ளி, பின்னால் உள்ள கம்பளத்தின் அடியில் கையை விட்டு அழுத்துங்கள். கை ஈரமாக வெளியே வந்தால், சில்லைப் பார்க்க அடியில் படுக்கவே தேவையில்லை.